எல்லாம் ஒரே மழையில் தொங்குகின்றன: இடர்ப் பதிவேடு போதுமா, தொடர்பு அட்டவணை வேண்டுமா?

நீலகிரி மலையில், கோத்தகிரிப் பக்கம் உள்ள ஒரு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என்னென்ன ஆபத்துகள் வரலாம் என்று வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைக்கும் இடர்ப் பதிவேட்டை எழுதிப் பராமரிப்பதும் என் பொறுப்பு. தணிக்கைக்கு வருபவர்கள் அதைப் புரட்டிப் பார்த்து, ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பதிவேடு எங்களைக் கைவிட்ட இரவு ஒன்று உண்டு. இடர்களை ஒவ்வொன்றாக எண்ணுவது வேறு, அவை ஒன்றையொன்று எப்படிக் கையைப் பிடித்து இழுத்து வருகின்றன என்று பார்ப்பது வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இந்த ஆண்டு எங்கள் இயக்குநர் குழு முறையை மாற்றலாமா என்று யோசிக்கிறது. பேச்சில் ஐந்து வழிகள் வந்தன. இருக்கிற பதிவேட்டையே தொடர்வது, அதில் ஒரு பத்தி மட்டும் கூட்டுவது, முக்கியமான விபத்துகளுக்கு மட்டும் காரண-விளைவுப் படம் வரைவது, எல்லா இடர்களையும் எதிரெதிரே நிறுத்தித் தொடர்பு அட்டவணை போடுவது, வெளியிலிருந்து ஆலோசகரையும் மென்பொருளையும் கொண்டுவருவது. குழுவுக்காக எழுதிய குறிப்பைச் சற்று விரித்து இங்கே தருகிறேன். மலையில் தொழிற்சாலையோ பள்ளியோ மருத்துவமனையோ தங்கும் விடுதியோ நடத்தும் எவருக்கும் இதே கேள்வி ஒருநாள் வரும்.

முதலில் அந்த இரவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நவம்பர் மாதம். மூன்று நாள் விடாத மழை. மாலை நான்கு மணிக்கு மின்சாரம் போனது, ஜெனரேட்டரை ஓட்டினோம். அன்றைக்கு இலை வரத்தும் அதிகம். பக்கத்தில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குப் போகும் பாதையில் மரம் விழுந்திருந்ததால் அங்கே போக வேண்டிய பசுந்தேயிலையும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து கீழிருந்து டீசல் லாரி ஏறவில்லை. டீசல் வாங்கப் போன எங்கள் ஜீப் வெறும் கேனோடு திரும்பியது. இரவுப் பணிக்கு வர வேண்டியவர்களில் பாதிப் பேர், பஸ் நின்றுபோனதால் வரவில்லை. விறகுக் கொட்டகை ஒழுகி விறகு நனைந்திருந்தது. அடுப்பில் சூடு ஏறாமல், தூளை உலர்த்தும் டிரையர் மெதுவாக ஓடியது. செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிட்டதால், இனி இலை வாங்காதீர்கள் என்று கொள்முதல் நிலையங்களுக்குச் சொல்ல வழியில்லை. வண்டிகள் வந்துகொண்டே இருந்தன.

நள்ளிரவுக்குப் பிறகு ஜெனரேட்டர் நின்றது. பசுந்தேயிலையைப் பரப்பிக் காற்றடித்து ஈரத்தைக் குறைக்கும் வாட்டும் தொட்டிகளின் காற்றாடிகள் நின்றன. பறித்த இலைக்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடும், மூச்சு விட்டால் சூடு ஏறும். காற்று இல்லாத தொட்டியில் கையை விட்டால் உள்ளே வெந்நீர் போலக் கொதித்தது. விடியும்போது இலை சிவந்து புளித்த வாடை அடித்தது. அவ்வளவையும் உரக்குழிக்குத் தள்ளினோம். அந்த வாரம் மிஞ்சிய இலையில் செய்த தூள் குன்னூர் ஏலத்தில் விலை போகவில்லை. அதனால் அடுத்த மாதம் அங்கத்தினர்களுக்கு இலை விலை குறைந்தது. விலை குறைந்ததும் சிலர் தனியார் ஏஜெண்டுகளிடம் இலையைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அவர்களில் சிலர் இன்னும் திரும்பி வரவில்லை.

மறுநாள் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அதில் எண் கூடக்கூடக் கட்டம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏறும். மின்தடை: நிகழும் வாய்ப்பு 4, பாதிப்பு 2, பெருக்கினால் 8, மஞ்சள். சாலை அடைப்பு: 6, மஞ்சள். டீசல் தட்டுப்பாடு: 3, பச்சை. தொழிலாளர் வராமை: 4, பச்சை. ஈர விறகு: 3, பச்சை. தொலைபேசி துண்டிப்பு: 2, பச்சை. அந்த இரவில் எங்களைக் கவிழ்த்த ஒன்றுகூடச் சிவப்புக் கட்டத்தில் இல்லை. சிவப்பில் இருந்தது ஒன்றே ஒன்று, தேயிலை விலை வீழ்ச்சி, 20.

அந்த எண்கள் தவறு என்று நான் நினைக்கவில்லை. மின்சாரம் மட்டும் போனால் உண்மையிலேயே பாதிப்பு 2 தான். ஜெனரேட்டர் இருக்கிறது. சாலை மட்டும் அடைபட்டால் இரண்டு நாள் தூள் மூட்டைகள் கிடங்கில் கிடக்கும், அவ்வளவுதான். பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் மற்ற வரிகளெல்லாம் நலமாக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. அதன் குறை அங்கேதான் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டில் 18 நாள் நீண்ட மின்தடை, 12 நாள் சாலை அடைப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால், ஒரே நாளில் இரண்டும் சேர்ந்து வருவது 18 × 12 ÷ 365, அதாவது ஆண்டுக்கு சுமார் 0.6 நாள். இரண்டு ஆண்டில் ஒரு நாளுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இதற்காக யார் பெரிய டீசல் தொட்டி கட்டுவார்கள்? ஆனால் மின்கம்பியை அறுப்பதும் சாலையை உடைப்பதும் ஒரே மழை. சாலை அடைபட்ட 12 நாளில் எட்டு ஒன்பது நாள் மின்சாரமும் இருக்காது. 0.6 என்று நினைத்தது 8 ஆகிவிடுகிறது. தனித்தனியாக மதிப்பிட்டால் அரிதாகத் தெரிவது, சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு ஐப்பசியிலும் வாசலுக்கு வருகிறது. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று நம் பெரியவர்கள் சொன்னதை விதி என்று எடுத்துக்கொண்டுவிட்டோம். ஒரே காரணத்தில் தொங்கும் துன்பங்கள் சேர்ந்துதான் விழும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் சொன்ன சொல் அது என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பதிவேட்டில் இன்னொரு பத்தி உண்டு, தடுப்பு நடவடிக்கை. அங்கேதான் ஆபத்து அதிகம். சாலை அடைப்புக்கு எதிரே "மாற்றுச் சாலை" என்று பல ஆண்டுகளாக எழுதி வைத்திருந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து மலைக்கு ஏறும் இரண்டு சாலைகளில் ஒன்று கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு வருகிறது. மற்றொன்று கோத்தகிரிக்கு வருகிறது. ஒன்று போனால் மற்றொன்று என்று கணக்கு. ஆனால் இரண்டும் மலையின் ஒரே கிழக்குச் சரிவில், வடகிழக்குப் பருவமழைக்கு முகம் காட்டிக்கொண்டு கிடக்கின்றன. கல்லாற்றிலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயில் பாதையும் அதே சரிவில்தான். 2009 நவம்பரில், குன்னூருக்கும் உதகைக்கும் நடுவே உள்ள கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பெய்தபோது குன்னூர், கோத்தகிரி, உதகை வட்டாரங்கள் எங்கும் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சாலை, தண்டவாளம், மின்கம்பம் எல்லாம் ஒரே நேரத்தில் போயின. அதைப் பார்த்த பிறகும் நான் "மாற்றுச் சாலை" என்று எழுதிக்கொண்டிருந்தேன் என்பதை நினைக்க இன்றும் மனம் வலிக்கிறது.

மலைக்குக் கீழே இதற்கு எடுத்துக்காட்டு தேடினால் 2015 டிசம்பர் 2 கிடைக்கும். 1878-இல் தொடங்கிய தி இந்து ஆங்கில நாளிதழ், தன் வரலாற்றில் முதன்முறையாக அன்று சென்னையில் வெளிவரவில்லை. காரணம், மறைமலை நகரில் உள்ள அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் வெள்ளத்தில் போய்ச் சேர முடியவில்லை. செய்தியும் இருந்தது, இயந்திரமும் இருந்தது. இரண்டையும் சேர்க்கும் பாதைதான் இல்லை.

இவ்வளவு சொன்னதால் பதிவேட்டைக் குப்பையில் போடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். எந்த இடருக்கு யார் பொறுப்பு, எப்போது பார்த்தோம், என்ன செலவழித்தோம் என்பதற்கு அதைவிட நல்ல ஏடு இல்லை. தணிக்கைக்கும் வங்கிக்கும் அது வேண்டும். பேரேடு போல அதை வைத்துக்கொள்ள வேண்டும். பேரேட்டைப் பார்த்து யாரும் நாளைய மழையைக் கணிப்பதில்லை அல்லவா? இடர் மேலாண்மைக்கான பன்னாட்டுத் தர வழிகாட்டி ஐஎஸ்ஓ 31000, 2018 பதிப்பில், இடரை ஆராயும்போது நிகழ்வாய்ப்பு, பாதிப்பு ஆகியவற்றோடு சிக்கலையும் இடையிணைப்பையும் கவனிக்கச் சொல்கிறது. பெரும்பாலான படிவங்களில் அந்த வரிக்கு இடமே இல்லை.

இரண்டாவது வழி அந்த இடத்தை உண்டாக்குவது. இருக்கிற பதிவேட்டில் ஒரு பத்தி கூட்டி, ஒவ்வொரு இடருக்கும் எதிரே "இதனோடு வேறு எது சேர்ந்து வரும்?" என்று எழுதுவது. செலவு இல்லை, பயிற்சி வேண்டாம். ஒரு மாதம் செய்து பார்த்தோம். எல்லா வரியிலும் "மழை" என்று எழுதி முடித்துவிட்டார்கள். கேள்வியை மாற்றிய பிறகுதான் பயன் தெரிந்தது. "நாம் எழுதியிருக்கும் தடுப்பு எதை நம்பி நிற்கிறது?" என்று கேட்டோம். ஜெனரேட்டர் டீசலை நம்புகிறது, டீசல் லாரியை நம்புகிறது, லாரி சாலையை நம்புகிறது. மின்தடைக்கான மருந்து சாலை அடைப்பு என்ற நோய்க்குள் கிடக்கிறது என்று அந்த ஒரு வரியே காட்டிவிட்டது.

நான்கைந்து அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதிக்கு இந்த இரண்டாவது வழியே போதும் என்பேன். உதகையிலும் கொடைக்கானலிலும் மே மாதம்தான் அறைகள் நிரம்புகின்றன. அதே மாதம்தான் தண்ணீர் குறைகிறது. வருமானத்தின் உச்சமும் தண்ணீர்ப் பஞ்சமும் ஒரே நாட்காட்டியில் இருக்கின்றன என்று ஒரு வரி எழுதினாலே தண்ணீர் வண்டிக்கு மார்ச்சில் பேசி வைக்கத் தோன்றும். 2024 மே 7 முதல் இரு மலைகளுக்கும் இ-பாஸ் வந்தது. அதன் பிறகு முன்பதிவும் பயண அனுமதியும் சேர்ந்தே அசைகின்றன என்பதையும் அதே பத்தியில் எழுதலாம். அதற்கு மேல் படம் வரைந்து நேரத்தைச் செலவழிக்கத் தேவையில்லை.

மூன்றாவது வழியை ஆங்கிலத்தில் போ-டை படம் என்கிறார்கள். கழுத்தில் கட்டும் அந்த முடிச்சைப் போல நடுவில் ஒரு விபத்து, இடப்பக்கம் அதற்கான காரணங்கள், வலப்பக்கம் விளைவுகள், ஒவ்வொரு கோட்டிலும் அதை நிறுத்தக்கூடிய தடுப்புகள். வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலையில் 167 பேர் இறந்த பிறகு எண்ணெய் நிறுவனங்களில் இது வேரூன்றியது. எங்கள் அடுப்பறைத் தீக்கு ஒரு படம் வரைந்தோம். அடுப்பாளுக்கு எழுதப் படிக்கச் சிரமம். ஆனாலும் படத்தைப் பார்த்ததும், இந்தக் கோட்டில் தடுப்பே இல்லையே என்று தூசிக் குழாயைத் தொட்டுக் காட்டினார். தேயிலைத் தூசி எளிதில் பற்றும். அந்தக் குழாயை யார் எப்போது துடைப்பது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட விபத்தை உயிர்ச்சேதம் வராமல் தடுக்க வேண்டுமானால் இதைவிடத் தெளிவான முறையை நான் பார்த்ததில்லை. மருத்துவமனைகளும் பள்ளி வாகனம் வைத்திருப்பவர்களும் முதலில் இதைத்தான் எடுக்க வேண்டும்.

இதன் எல்லை வேறிடத்தில் தெரிந்தது. "தொட்டியில் இலை கெடுதல்" என்பதை நடுவில் வைத்து வரைந்தபோது இடப்பக்கம் ஆறு கோடுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தடுப்புகள் என்று படம் அழகாக வந்தது. மொத்தம் பதினான்கு தடுப்புகள். பார்க்கத் தைரியமாக இருந்தது. ஆனால் ஒரே மழை அவற்றில் ஒன்பதை ஒரே மணி நேரத்தில் தட்டிவிடும் என்று அந்தப் படம் சொல்லாது, ஏனென்றால் கோடுகள் தனித்தனியாக ஓடுகின்றன. இன்னொன்று, இந்தப் படம் இடமிருந்து வலம் மட்டுமே போகும். எங்கள் தொழிலின் மிகப் பெரிய துன்பம் வட்டமாகச் சுற்றுவது. ஏலத்தில் விலை குறைந்தால் அடுத்த மாத இலை விலை குறையும். இலை விலை குறைந்தால் சிறு விவசாயி உரம் போடுவதையும் செடியைக் கவ்வாத்து செய்து வெட்டிவிடுவதையும் தள்ளிப்போடுவார், பறிப்புக்கு ஆள் வைக்க முடியாமல் முற்றிய இலையையும் சேர்த்து அறுப்பார். இலை தரம் குறைந்தால் தூள் தரம் குறையும், ஏலத்தில் விலை மேலும் குறையும். இந்த வட்டத்துக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. இதை வரைய போ-டை படத்தில் வழியில்லை.

நான்காவது வழிக்கு வருகிறேன். எனக்கு நம்பிக்கை தந்தது இதுதான்.

பன்னிரண்டு இடர்களை எடுத்துக்கொண்டோம். ஒரு பெரிய தாளில் அவற்றை இடப்பக்கம் மேலிருந்து கீழாகவும், மேற்பக்கம் இடமிருந்து வலமாகவும் எழுதினோம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வி: இடப்பக்கத்து இடர் வந்தால், மேற்பக்கத்து இடரை அது நேரடியாக எவ்வளவு தூண்டும்? தூண்டாது என்றால் 0, கொஞ்சம் 1, நன்றாக 2, கட்டாயம் 3. தன்னோடு தான் சேராததால் 12 × 11, மொத்தம் 132 கட்டங்கள். முன்னறிவிப்புத் துறையில் 1960-களில் தியோடர் கார்டனும் ஓலஃப் ஹெல்மரும் தொடங்கிய குறுக்குத் தாக்க ஆய்வின் எளிய வடிவம் இது. எண்களைக் கிடையாகவும் நெடுக்காகவும் கூட்டிப் பார்க்கும் வழக்கத்தை ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஃபிரெடரிக் வெஸ்டர் பரப்பினார். கணினி தேவையில்லாத கணினி என்ற பொருளில் அதற்குக் காகிதக் கணினி என்று பெயர் வைத்தார். கிடைக்கூட்டல் அதிகமாக இருந்தால் அந்த இடர் மற்றவற்றை ஆட்டி வைக்கிறது. நெடுக்கூட்டல் அதிகமாக இருந்தால் அது மற்றவற்றால் ஆட்டப்படுகிறது. இரண்டும் அதிகமாக இருந்தால் அதுதான் சந்தி. அங்கே கை வைத்தால் நன்மையும் பரவும், தவறும் பரவும்.

யார் உட்கார்ந்தார்கள் என்பதில்தான் இதன் பயன் முழுவதும் இருக்கிறது. இலைக் கொட்டகை மேற்பார்வையாளர், அடுப்பாள், மின்பணியாளர், லாரி ஓட்டுநர், கொள்முதல் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், அங்கத்தினர்களில் பக்கத்து ஹட்டியை, அதாவது மலைக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு அக்கா, மேலாளர், நான். அலுவலகத்தில் இருக்கும் நாங்கள் இருவர் மட்டும் நிரப்பியிருந்தால் பாதிக் கட்டங்களில் 0 எழுதியிருப்போம். மழைக்கும் தொழிலாளர் வராமைக்கும் நான் 1 என்றேன். ஓட்டுநர் சிரிக்காமல், கோபப்படாமல், எந்தெந்த வளைவில் பஸ் நின்றுவிடும், அந்த பஸ்ஸில் வருபவர்கள் யார் யார் என்று பெயர் சொல்லி எண்ணினார். அது 3 ஆனது.

கூட்டிப் பார்த்ததில் மழை முதலிடத்தில் இருந்தது யாருக்கும் வியப்பில்லை. அதை நாம் ஒன்றும் செய்யவும் முடியாது. சாலை அடுத்தது. மூன்றாவது இடத்தில் வந்ததைப் பார்த்துத்தான் அறை அமைதியானது: தொலைபேசி துண்டிப்பு. பதிவேட்டில் 2 வாங்கிப் பச்சைக் கட்டத்தில் கிடந்த அதே தொலைபேசி. அது தானாக எந்த இழப்பையும் தருவதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் கொள்முதலை நிறுத்த முடியாது, ஆளை அழைக்க முடியாது, வேறு தொழிற்சாலைக்கு இலையைத் திருப்ப முடியாது. எல்லாத் தடுப்புகளும் அதன் வழியாகத்தான் போகின்றன. அந்த நவம்பர் இரவில் இலை கெட்டதற்கு மின்தடை காரணம் என்று அறிக்கை எழுதியிருந்தேன். மின்சாரம் போன பிறகும் எட்டு மணி நேரம் இலை வந்துகொண்டிருந்ததுதான் கெட்ட அளவைப் பெருக்கியது என்பதை அந்தத் தாள் காட்டியது.

அதற்கான மாற்றம் ஒரு ரூபாய்கூடச் செலவில்லாதது. மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் ஆனால், தொழிற்சாலையிலிருந்து செய்தி வந்தாலும் வராவிட்டாலும் கொள்முதல் நிலையம் தானே எடை போடுவதை நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். ஹட்டியில் மின்சாரம் இல்லை என்பதை அங்கிருப்பவரே பார்க்கிறார். அவருக்குத் தொலைபேசி தேவையில்லை. தொலைபேசி துண்டிப்பு இன்றும் நடக்கிறது, அந்த இடரை நாங்கள் ஒரு துளியும் குறைக்கவில்லை. அதற்கும் இலை வரத்துக்கும் இடையே இருந்த கயிற்றை அறுத்தோம். பதிவேடு இடரின் அளவைக் குறைக்கச் சொல்கிறது. அட்டவணை இணைப்பை அறுக்கச் சொல்கிறது. மலையில் முதலாவது பெரும்பாலும் நம் கையில் இல்லை, இரண்டாவது பெரும்பாலும் இருக்கிறது. நான் நான்காவது வழியின் பக்கம் நிற்பதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

டீசலும் அப்படித்தான். எங்கள் டீசல் பீப்பாய்கள் ஓடைக்குப் பக்கத்தில், லாரி வந்து இறக்க வசதியான தாழ்வான இடத்தில் இருந்தன. மழையிலிருந்து டீசலுக்கு நேர்க் கோடு ஒன்று போவதை அட்டவணையில் பார்த்த பிறகு மேட்டுக்கு மாற்றினோம். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நடந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நிலநடுக்கம் வெளி மின்சாரத்தைத் துண்டித்தது. டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. பெரும்பாலானவை கீழ்த்தளத்தில் இருந்ததால் சுனாமி நீர் அவற்றை மூழ்கடித்தது. உயரமான இடத்தில் வைத்திருந்த, காற்றால் குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர் மட்டும் தொடர்ந்து மின்சாரம் தந்தது. ஐந்தாம், ஆறாம் உலைகளை அது காப்பாற்றியது. ஜெனரேட்டர்களின் எண்ணிக்கை அங்கே உதவவில்லை. வெள்ளம் எட்டாத வேறு இடத்தில் ஒன்று இருந்ததுதான் உதவியது.

அதே எண்ணத்தில்தான் ஆபத்துக் காலத்தில் இலையை ஏற்றுக்கொள்ளும் துணைத் தொழிற்சாலையையும் தேடினோம். முன்பு பக்கத்தில் இருப்பதைத்தான் நினைப்போம். எங்கள் மழை அவர்கள் மழை. மலையின் மேற்கே, மஞ்சூர், குந்தாப் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் கடுமை. 2019 ஆகஸ்டில் அந்தப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் பெய்தது அந்தப் பருவத்தில்தான். அவர்கள் ஆடியில் தவிக்கும்போது நாங்கள் கைகொடுக்கலாம், நாங்கள் ஐப்பசியில் தவிக்கும்போது அவர்கள் கைகொடுக்கலாம். தூரம் அதிகம், இலை வழியில் சூடாகாமல் கூடைகளில் தளர்வாக ஏற்ற வேண்டும், நடுவில் உள்ள சாலையும் திறந்திருக்க வேண்டும். எல்லா நாளும் கைகூடாது. ஆனாலும் ஒரே ஆணியில் தொங்காத துணை அதுதான்.

காப்பீட்டையும் அட்டவணையில் ஒரு வரியாக வைத்துப் பாருங்கள். தொழிற்சாலைகளுக்கான வழக்கமான தீக் காப்பீட்டுப் பாலிசியில் புயல், வெள்ளம், மண்சரிவு ஆகியவற்றால் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் வரும் சேதம் அடங்கும். எங்கோ பர்லியாற்றில் சாலை சரிந்து, நம் கட்டடத்தில் ஒரு கீறலும் இல்லாமல், தொட்டியில் இலை அழுகினால் அது அந்தப் பாலிசிக்குள் வராது. தொழில் தடைப்பட்டதால் வரும் இழப்புக்கான காப்பீடு தனி; அதுவும் வழக்கமாக நம் சொத்துக்கே சேதம் நேர்ந்திருந்தால்தான் பேசும். இணைப்புகள் வழியாக வரும் இழப்பு பெரும்பாலும் பாலிசிகளுக்கு இடையிலுள்ள சந்தில் விழுகிறது. புதுப்பிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி எது என்று அட்டவணை உள்ளவருக்குத்தான் தெரியும்.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. 132 கட்டங்களில் எண்பதாவதற்கு வரும்போது எல்லோரும் களைத்துவிடுகிறார்கள், அதற்குப் பிறகு 1 என்பது பதிலாக இல்லாமல் பெருமூச்சாக வருகிறது. இடையில் தேநீர் வேண்டும், முடிந்தால் இரண்டு அமர்வாகப் பிரிக்க வேண்டும். குரல் பெரியவர் சொல்வதே எண்ணாகிவிடும் அபாயம் இருக்கிறது. நாங்கள் ஒவ்வொருவரும் முதலில் விரலைக் காட்டுவது, பிறகு பேசுவது என்று வைத்துக்கொண்டோம். நேரடித் தாக்கத்தையும் சுற்றி வரும் தாக்கத்தையும் மக்கள் கலந்துவிடுவார்கள்; அப்படிக் கலந்தால் ஒரே இணைப்பு இரண்டு முறை எண்ணப்படும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அட்டவணைக்குக் காலம் தெரியாது. மின்தடையிலிருந்து இலை சூடாவதும் 3, விலை வீழ்ச்சியிலிருந்து செடி மெலிவதும் 3. ஒன்றுக்குச் சில மணி நேரம், மற்றதற்குப் பல மாதம். எண்ணுக்குப் பக்கத்தில் மணி, நாள், மாதம் என்று சிறிதாக எழுதத் தொடங்கிய பிறகுதான் எதை இரவுக் காவலரிடம் ஒப்படைப்பது, எதை ஆண்டுப் பொதுக்குழுவில் வைப்பது என்று பிரிந்தது.

ஐந்தாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிகழ்தகவு வலைப்பின்னல் மென்பொருள்கள் திறமையானவை. ஒன்று நடந்தால் மற்றொன்று நடக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒவ்வொரு இணைப்புக்கும் எண் கேட்கும். எங்களிடம் மின்தடைப் பதிவு மூன்று ஆண்டுக்கு இருக்கிறது, சாலை அடைப்புக்குப் பதிவே இல்லை. தரவு இல்லாமல் ஊகத்தை ஊட்டினால் இரண்டு தசமப் புள்ளியோடு ஊகமே திரும்பி வரும். பெரிய மருத்துவமனைக்கோ மின்வாரியத்துக்கோ இது பொருந்தும். எங்கள் அளவு நிறுவனம் அந்தப் பணத்தில் விறகுக் கொட்டகைக்குக் கூரை போடலாம். நாங்கள் போட்டோம்.

ஆக, குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்த பரிந்துரை இது. பதிவேடு தொடரட்டும், ஆனால் வண்ணக் கட்டத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். தடுப்பு எதை நம்பி நிற்கிறது என்ற பத்தியைச் சேர்க்க வேண்டும். அடுப்பறைத் தீக்கும் வாகன விபத்துக்கும் போ-டை படம் இருக்கட்டும், ஏனென்றால் அங்கே உயிர் இருக்கிறது. தொடர்பு அட்டவணையை ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், அதே எட்டுப் பேரும் புதிதாக இருவரும் சேர்ந்து முதலிலிருந்து நிரப்ப வேண்டும். பழைய தாளைப் பார்த்து எழுதக் கூடாது. மின்தடை, சாலை அடைப்பு இரண்டுக்கும் நாள், மணி குறிக்கும் நோட்டு ஒன்றை இன்றே வாசற்காவலரிடம் கொடுக்க வேண்டும்.

இயக்குநர்களில் இருவர் நான்காவது வழியை இன்னும் ஏற்கவில்லை. அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி: ஒருவர் 3 என்கிறார், ஒருவர் 1 என்கிறார், இதை நம்பி எப்படிப் பணம் ஒதுக்குவது? சென்ற முறை ஒரு கட்டத்தில் அப்படித்தான் நின்றுவிட்டோம். இலை விலை குறைவிலிருந்து உரச் செலவுக் குறைப்புக்குப் போகும் கட்டம். அன்று பார்க்க வந்திருந்த இயக்குநர் ஒருவர், நம் விவசாயிகள் செடியைப் பட்டினி போட மாட்டார்கள், 1 போதும் என்றார். அந்த அக்கா 3 என்று விரலைக் காட்டி, கீழே இறக்கவில்லை. இரண்டு எண்ணையும் எழுதி வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். இந்தப் புரட்டாசிக்கு அவர் தன் ஹட்டியில் பத்து வீட்டு உரக்கடை ரசீதுகளைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். மாத இலை விலைப் பட்டியலை நான் எடுத்து வைத்துவிட்டேன்.